தோப்பில் திரியும் மரநாய்க்குக் காடு எது?

ஆனைமலை அடிவாரத்தில் ஓட்டு வீடும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு மாதமாக இரவில் ஓட்டின்மேல் ஏதோ ஓடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மரநாய் என்கிறார், என் மாமனார் புனுகுப்பூனை என்கிறார். கூண்டு வைத்துப் பிடித்து டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டுவிடலாமா? பாவம், அதன் சொந்த இடத்துக்கே போய்ச் சேரட்டும்." பெயர், கூண்டு, தொந்தரவு எல்லாம் இதில் இருந்தாலும், உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது. அந்த விலங்கின் சொந்த இடம் எது? காட்டிலிருந்து வழிதவறி உங்கள் தோப்புக்குள் இறங்கிவிட்டது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அந்த எண்ணத்தில் இரக்கம் இருக்கிறது. ஆனால் அதுவே அதற்கு ஆபத்தாகவும் முடியக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடும் ஆடும் கோழியும்தான் என் படிப்பு. காட்டுயிர் ஆய்வாளன் அல்லன். கழுத்துப்பட்டை மாட்டி ஒரு மரநாயைக்கூட நான் பின்தொடர்ந்ததில்லை. ஆனால் கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டைப் பார்க்க நள்ளிரவில் தோட்டத்துச் சாளைக்குப் போகிறவன் கண்ணில் இரவின் உயிர்கள் படாமல் இருக்காது. மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் கிளுவை வேலியோரம் பளிச்சிட்ட கண்கள், அடிபட்டுச் சாலையோரம் கிடந்த உடல்கள், துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவரப்பட்ட குட்டிகள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதில் நான் சொல்பவற்றில் பாதி படித்தது, பாதி பார்த்தது.

முதலில், கூரையில் இருப்பது எது? ஓட்டின்மேல் ஓடுகிறது என்பதே பாதி விடை. நம் கொங்குச் சமவெளியில் மரநாய்க் குடும்பத்து விலங்குகள் இரண்டு உண்டு. ஒன்று மரநாய். உடல் ஏறத்தாழ ஒன்றரை அடி, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வால், எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ. கருஞ்சாம்பல் உரோமம், முதுகில் மூன்று கரிய கோடுகள், விலாவில் புள்ளிகள், கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியதுபோல் கருப்பு. கால்களும் வாலும் கருப்பு. வாலில் வளையம் கிடையாது. மற்றொன்று புனுகுப்பூனை. உடல் மெலிந்தது, மண் நிறம், முதுகில் நீளக் கோடுகள், விலாவில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், வாலில் கருப்பும் வெண்மையும் மாறி மாறி வளையங்கள். புனுகுப்பூனை தரைவாசி, புதரிலும் வரப்பிலும் இரை தேடும், மரம் ஏறுவது அபூர்வம். ஆகவே தென்னை மட்டையிலிருந்து கூரைக்குத் தாவி, ஓட்டுக்கும் அட்டாலிக்கும் இடையே பகலில் படுத்துக் கிடப்பது பெரும்பாலும் மரநாயாகத்தான் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சத்தத்தை மட்டும் வைத்து யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வீட்டுப் பூனையும் பெருத்த எலியும் இரவில் அதே சத்தம் போடும்.

உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. கைப்பிடிச் சுவர், பாறை, தொட்டி மேடை, மொட்டை மாடி போன்ற திறந்த இடங்களில் காலையில் பாருங்கள். விதை விதையாக, சில சமயம் விதையைத் தவிர வேறெதுவுமே இல்லாத எச்சம் கிடந்தால் அது மரநாயின் கைவேலை. சப்போட்டா விதை, நாவல் கொட்டை, பப்பாளி விதை எல்லாம் கழுவி வைத்ததுபோல் முழுதாகக் கிடக்கும். இன்னொரு வழி, அது இறங்கும் இடத்தில் அடுப்புச் சாம்பலை மெல்லத் தூவி வையுங்கள். பூனையின் தடத்தில் நான்கு விரல்கள்தாம் பதியும்; மரநாய்த் தடத்தில் ஐந்து. இந்த இரண்டையும் படம் பிடித்துப் போட்டால், கேட்பவரும் சொல்பவரும் ஊகத்தில் அலைய வேண்டியதில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மரநாய் என்கிறோம். கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் மரப்பட்டி என்கிறார்கள். அங்கே பட்டி என்றால் நாய். இரு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி தவறியிருக்கிறோம், ஏனென்றால் இது நாய்க்கு உறவே இல்லை. பூனை, கீரி, கழுதைப்புலி ஆகியவை இருக்கும் கிளையைச் சேர்ந்தது. அதற்காகப் பூனையும் அல்ல. பூனைகள் பிரிந்து போவதற்கு முன்னிருந்த பழைய ஊனுண்ணிகளின் சாயல் இக்குடும்பத்தில் இன்னும் நிற்கிறது என்பது விலங்கியலாளர்களின் கருத்து. 1777 இல் பல்லாஸ் என்ற அறிஞர் மரநாய்க்கு லத்தீனில் பெயர் வைத்தபோது, ஆண், பெண் இரண்டுக்கும் வாலடியில் விதைப்பை போன்ற ஒன்று இருப்பதைக் கண்டு, இருபாலுயிர் என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துவிட்டார். அது விதைப்பை அல்ல, வாசனைச் சுரப்பி. தவறு தெரிந்த பிறகும் அறிவியல் மரபுப்படி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இனி இருப்பிடத்துக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியிருக்கின்றன. ஆசியாவில் இவற்றின் வீடு எது என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. மலேயாத் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ தீவுகளில் ஓடையோரச் சதுப்புக் காடுகளில் வாழும் ஓர் இனம் உண்டு. நீர்நாயைப்போல நீரில் இறங்கி மீனும் நண்டும் பிடிக்கும். மூக்குத் துளையை மூடிக்கொள்ளும் அமைப்புகூட அதற்கு இருக்கிறது. நீர்நிலைக் காடு அழிந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. இந்தியாவின் வடகிழக்கிலிருந்து இந்தோனேசியா வரை உயர்ந்த மரங்களின் உச்சியில் வாழ்கிறது பின்டுராங். கரடிக்குட்டி போன்ற உருவம். வாலைச் சுருட்டிக் கிளையைப் பற்றிக்கொள்ளும், அத்திப்பழத்தில் உயிர் வளர்க்கும். சுலாவெசித் தீவில் மட்டும் ஓர் இனம் இருக்கிறது. இலங்கையில் மட்டும் பொன்னிற மரநாய் இருக்கிறது. இமயமலைச் சரிவிலிருந்து தென்சீனம் வரை முகமூடி மரநாய் வாழ்கிறது. வியத்நாம், லாவோஸ் மலைகளில் வாழும் பட்டை போட்ட இனமொன்று கண்ணிவலைகளால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இவற்றில் பலவற்றுக்குக் குறிப்பிட்ட ஒரு வகைக் காடு வேண்டும். அந்தக் காட்டை வெட்டினால் அவை இல்லை.

நம்முடைய மரநாய் அப்படியல்ல. இந்தியா, இலங்கை தொடங்கி மியான்மர், தாய்லாந்து, தென்சீனம், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை பரந்த இதன் எல்லைக்குள் மழைக்காடும் உண்டு, இலையுதிர் காடும் உண்டு, தோப்பும் தோட்டமும் நகரமும் உண்டு. சிங்கப்பூரில் சிக்லாப் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் வீட்டுக் கூரைக்குள் குட்டி போட்டு, மின்கம்பியில் நடந்து, மாமரத்தில் பசியாறி வாழ்கிறது. இந்த விலங்கு கேட்பது மூன்றே மூன்று: ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பழம், பகலில் படுக்க இருட்டான உயரமான ஒரு பொந்து, ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரை தொடாமல் போக ஒரு வழி. பெருங்காடு இம்மூன்றையும் தருகிறது. உங்கள் தோப்பும் தருகிறது. மரநாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஐயத்துக்குரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பரந்த நிலத்தில் வாழ்வது ஒரே இனமா, பல இனங்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. மரபணு ஆய்வுகளைக் கொண்டு இந்தியப் பகுதி, மலாய்ப் பகுதி, பிலிப்பீன்ஸ் பகுதி மரநாய்களை மூன்று தனி இனங்களாகப் பிரிக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எண்ணிக்கை எப்படி முடிந்தாலும் நம் ஊர் மரநாயின் வாழ்க்கை மாறப்போவதில்லை.

கொங்கு நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கே ஆனைமலையும் வடமேற்கே நீலகிரியும் நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கணவாய் வழியே காற்று வருகிறது, ஆனால் மழையில் பெரும்பகுதியை மலை பிடித்து வைத்துக்கொள்கிறது. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று; அங்கிருந்து பறவை பறக்கும் தொலைவில் இருக்கும் தாராபுரத்தில் மானாவாரிச் சோளமே வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும். இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஒரே வட்டாரத்துக்குள்ளேயே இந்தக் குடும்பத்தின் வெவ்வேறு இனங்கள் தத்தம் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன.

மலைமேல் வால்பாறைப் பக்கம் போனால் மூன்றாவதாக ஒன்றைச் சந்திக்கலாம். பழுப்பு மரநாய். உடல் முழுவதும் ஒரே பழுப்பு, முதுகில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. பிடரி மயிர் தலையை நோக்கி எதிர்த்திசையில் வளர்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. களக்காடு முண்டந்துறை மழைக்காடுகளில் திவ்யா முத்தப்பா செய்த ஆய்வு, ஊனுண்ணி வரிசையில் வைக்கப்பட்ட இந்த விலங்கின் உணவில் மிகப் பெரும்பகுதி காட்டுப் பழங்களே என்று காட்டியது. ஒரு மரத்தின் கீழ் தின்று, எங்கோ தொலைவில் ஒரு கிளை மேலோ பாறை மேலோ விதையைப் போட்டுவிட்டுப் போகிறது. பெரிய விதையுள்ள மழைக்காட்டு மரங்களுக்கு இருவாச்சிக்கும் பெரிய புறாக்களுக்கும் அடுத்தபடியாக இரவில் ஊழியம் செய்வது இதுதான். வால்பாறை மேட்டில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய சோலைகளிலும், நிழல்மரம் விட்டு வளர்த்த காபித் தோட்டங்களிலும் இது தாக்குப்பிடிக்கிறது. ஆனால் வெறும் தேயிலைப் பரப்பு அதற்குப் பாலைவனம். பழமும் இல்லை, பொந்தும் இல்லை. உங்கள் கூரையில் இருப்பது இதுவாக இருந்திருந்தால், காட்டிலிருந்து வந்துவிட்டது என்று நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் பழுப்பு மரநாய் அடிவாரத் தென்னந்தோப்புக்கு இறங்கி வந்து ஓட்டு வீட்டில் குடியேறுவதில்லை.

மலைக்குக் கீழே ஆழியாறு, கோட்டூர், ஆனைமலை, உடுமலை வரை விரியும் தென்னந்தோப்புகள்தாம் மரநாயின் ராஜ்ஜியம். வெறும் தென்னை மட்டும் இருந்தால் போதாது. வாய்க்கால் ஓரத்து நாவல், கிணற்றுமேட்டு அத்தி, சாமி மரமாக நிற்கும் ஆல், வேலியோரக் கொய்யா, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சப்போட்டாவும் பப்பாளியும் எல்லாம் சேர்ந்துதான் அதற்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு. பழம் இல்லாத நாளில் எலி, பல்லி, நத்தை, வெட்டுக்கிளி, குருவி முட்டை எதையும் விடாது. என் அப்பாரு காலத்தில் மரத்தில் கட்டிய கள் முட்டிக்குள் தலையை விட்டுக் குடித்துவிடும் என்பார்கள். முட்டி வாயில் முள்ளோ ஓலையோ வைத்துக் கட்டுவது அதற்காகத்தான். ஆங்கிலத்தில் இதற்குக் கள்ளுப்பூனை என்று பொருள்படும் பெயர் வந்ததும் அதனால்தான். 1987 முதல் இங்கே கள் இறக்கத் தடை இருப்பதால், அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது.

இன்னும் கிழக்கே, காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் போனால் மரம் குறைந்து மேய்ச்சல் நிலம் வந்துவிடும். கொறங்காடு என்போமே, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட அந்த நிலம். இது புனுகுப்பூனையின் நாடு. நான் அதிகம் பார்த்ததும் இங்கேதான். கிளுவை வேலி வெளியே ஆட்டைத் தடுக்கும் முள்மதில். உள்ளே அது நூறாண்டு பழைய ஒரு நீண்ட வீடு. அடியில் சருகு, கல், எலிப்பொந்து. மேலே கோவைக்கொடி, பிரண்டை. புனுகுப்பூனை அந்த வேலியை ஒட்டியே இரவெல்லாம் நடந்து எலியும் வண்டும் ஓணானும் பிடிக்கும், பகலில் வேலியின் அடர்ந்த மூலையிலோ சாலைக் குழாய்ப் பாலத்துக்குள்ளோ படுத்திருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து எச்சமிடும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் அந்த இடத்தைச் சரியாகக் காட்டுவார்கள். இன்று அந்த வேலிகளைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கல்காலும் கம்பியும் போடுகிறார்கள். நிலம் கைமாறினால் முதலில் போவது வேலிதான். என் மனத்தை மிகவும் அறுப்பது இதுதான். காட்டை வெட்டினால் ஊரே பேசுகிறது. வேலியைப் பிடுங்கினால் யாரும் பேசுவதில்லை. ஒரு ஏக்கர் காடு அழிந்ததைப்போலவே ஒரு மைல் கிளுவை வேலி அழிந்ததும் ஒரு வாழிடம் அழிந்ததுதான்.

புனுகு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் கோயில் நினைவு வரும். அது இதே விலங்கின் வாலடிச் சுரப்பியில் ஊறும் கெட்டியான வாசனைப் பொருள். திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரரின் கவசத்தைக் களைந்து புனுகும் சாம்பிராணியும் சேர்த்த தைலம் சாத்துகிறார்கள். மயிலாடுதுறைக் கூறைநாட்டில் புனுகுப்பூனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் புனுகீசுவரர் கோயிலே இருக்கிறது. அந்த வாசனையின் முக்கிய வேதிப்பொருளின் அமைப்பை 1926 இல் கண்டறிந்த ரூஜிக்கா பின்னாளில், 1939 இல், வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று அதைச் செயற்கையாகவே தயாரிக்கிறார்கள். கூண்டில் அடைத்துச் சுரப்பியைச் சுரண்டுவது அந்த உயிருக்குக் கொடுமை. இன்றைய சட்டத்தில் குற்றமும்கூட. ஜாவாவிலும் சுமத்திராவிலும் மரநாயின் எச்சத்திலிருந்து காபிக்கொட்டை பொறுக்கிய பழைய வழக்கம், இன்று ஆயிரக்கணக்கில் கூண்டிலடைத்துக் காபிப்பழம் திணிக்கும் வியாபாரமாக மாறிப்போனதும் அதே வகைக் கொடுமைதான். சேர்வராயன் மலையிலோ வால்பாறையிலோ காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆசை வரக்கூடாது.

மலபார் புனுகுப்பூனை என்று ஒன்று உண்டாமே, அதுவோ என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு வாய்ப்பே இல்லை. அது மேற்குக் கடற்கரைத் தாழ்நிலத்துக்கு உரியதாகச் சொல்லப்பட்ட பெரிய விலங்கு. மலப்புறம் மாவட்டத்தில் 1980களின் இறுதியில் சில தோல்கள் கிடைத்தன. அதற்குப் பின் ஐயத்துக்கிடமில்லாத ஒரு படம்கூட இல்லை. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும், அப்படி ஒரு தனி இனமே இயற்கையில் அங்கே இருந்ததா, வாசனைக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட வேறொன்றின் வழிவந்ததா என்பதும் ஆய்வாளர்களிடையே விவாதமாகவே நிற்கின்றன.

இப்போது கூண்டுக்கு வருவோம். பிடித்துக் காட்டில் விடுவது நல்லதா? இல்லை என்பதே என் உறுதியான பதில். 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரநாயும் புனுகுப்பூனையும் பாதுகாக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றிப் பிடிப்பதே குற்றம். டாப்சிலிப் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள். அங்கே ஒரு விலங்கைக் கொண்டுபோய்த் திறந்துவிடுவது இன்னொரு குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், இங்கே எந்த மரத்தில் எப்போது பழம் கனியும், எந்தப் பொந்து காலியாக இருக்கும், எந்த வீட்டு நாய் கட்டியிருக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அங்கே அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மரநாய்கள் இதை வரவேற்கப் போவதில்லை. தோப்பு வீடுகளைச் சுற்றித் திரியும் விலங்கு, தடுப்பூசி போடாத தெருநாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோயை வாங்கி வைத்திருக்கவும் கூடும். மருத்துவனாக எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். இரக்கத்தோடு செய்த காரியம் காட்டுக்குள் ஒரு நோயைக் கொண்டுபோய் வைத்ததாக முடியலாம். இத்தனைக்குப் பிறகும், காலியான உங்கள் கூரைக்கு அடுத்த மாதமே இன்னொரு மரநாய் வந்துவிடும். இடம் அப்படியே இருக்கிறதே.

கோழியைப் பிடிக்குமா என்ற கவலை நியாயமானது. பிடிக்கும். திறந்து கிடக்கும் கூட்டில் ஒரு குஞ்சையோ கோழியையோ தூக்கிப் போகும். ஆனால் பழி அதன்மேல் விழும்போதெல்லாம் குற்றவாளி அதுதான் என்று சொல்லிவிட முடியாது. தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் ஒரே இரவில் பதினான்கு கோழிகள் போயின. மரநாய்தான் என்று வேட்டைக்கு ஆள் சேர்த்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது முக்கால்வாசிக் கோழிகள் தின்னப்படாமல் குதறிக் கிடந்தன. ஈரமண்ணில் இருந்தவை நாய்த் தடங்கள். தெருநாய்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் இப்படித்தான் செய்யும். தனித்துத் திரியும் மரநாய் ஓர் இரையைக் கவ்விக்கொண்டு ஒதுங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எப்படியிருந்தாலும் தீர்வு ஒன்றுதான்: விரல் நுழையாத கம்பி வலை, இருட்டுவதற்கு முன் பூட்டப்படும் கதவு, கூட்டின் மேற்பக்கத்துக்கும் மூடி.

மரநாயால் சார்ஸ் என்ற மூச்சுநோய் வருமோ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2003 இல் தென்சீனச் சந்தைகளில் விற்கப்பட்ட முகமூடி மரநாய்களில் அந்த வைரஸ் இருந்தது உண்மை. மறு ஆண்டு தொடக்கத்தில் அங்கே ஆயிரக்கணக்கான மரநாய்களைக் கொன்றார்கள். அதன் இயற்கையான ஊற்று வௌவால்கள் என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. நெரிசலான கூண்டும் சந்தையும்தான் அதைப் பரப்பின. கூரையில் தூங்கும் விலங்கால் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. கையால் பிடிக்கப்போய்க் கடிபட்டால், வெறிநோய்த் தடுப்பூசியைத் தவிர்க்கவே கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பகலில் தள்ளாடித் திரியும், ஆளைக் கண்டும் ஓடாத மரநாயை யாரும் தொட வேண்டாம், வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

எலிமருந்தையும் வைக்காதீர்கள். எனக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. ஒரு தோப்பில் தேங்காய்க் கிடங்கு எலிக்கு மருந்து வைத்திருந்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றதோ, மருந்தையே தின்றதோ, பெண் மரநாய் ஒன்று வாய்க்காலில் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் கிடங்கின் கூரையிலிருந்து மெல்லிய முனகல். ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் மூன்று குட்டிகள். ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. வனத்துறைக்காரர் வருவதற்குள் அதுவும் என் கையில் அடங்கிவிட்டது. அந்தத் தோப்புக்காரர் கெட்டவர் அல்லர். கூரையில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு மாதமாகத்தான் சத்தம் என்கிறீர்கள். குட்டி போட வந்த தாயாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பகலில் கூரையடியில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். பூனைக்குட்டியின் குரலைப்போல மெல்லிய சத்தம் கேட்டால் எதையும் தொடாமல் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். குட்டிகள் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கியதும் அவையாகவே இறங்கிவிடும். குட்டி இல்லையென்றால் இப்போதே வேலையைத் தொடங்கலாம். கூரையைத் தொடும் தென்னை மட்டையையும் மாங்கிளையையும் ஆறேழு அடி இடைவெளி விழும்படி வெட்டுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, அது வெளியே போனதை உறுதி செய்துகொண்டு, விலகிய ஓடுகளைச் சரிசெய்து சந்துகளைக் கம்பி வலையால் அடையுங்கள். பகலில் அடைத்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அடைத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி கேட்டுப் பாருங்கள். கிணற்றுமேட்டில் நிற்கும் அத்தியையும் கொல்லைச் சப்போட்டாவையும் வெட்டாமல் விடுங்கள். கூரை போனாலும் அது உங்கள் தோப்பிலேயே வேறொரு பனங்கொண்டையையோ மரப்பொந்தையோ பார்த்துக்கொள்ளும். சாம்பலில் பதிந்த தடமும் விதை எச்சமும் கிடைத்தால் படத்தைப் போடுங்கள், ஐந்து விரலா நான்கு விரலா என்று பார்த்துச் சொல்கிறேன்.